ஓய்வுபெற்ற பாய்லர், லேகிங் தொழிலாளர்கள்: செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, தோழர்களே, தோழர்களின் குடும்பத்தாரே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. பேரப்பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், பொங்கல் உதவி எல்லாம் நீங்கள் நேரில் பார்த்ததுதான். நம் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கு இழப்பீடு கேட்கும் வழக்கு. அதைத்தான் இன்று விரிவாகச் சொல்லப் போகிறேன்.

நம் மூத்த உறுப்பினர் ஒருவருக்குப் போன ஆண்டு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று எடுத்தார்கள், மறுபடி கோத்தது. டிபி என்று சொல்லி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். குறையவில்லை. என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டபோது "கான்ட்ராக்ட் கூலி" என்று மட்டும் சொல்லியிருக்கிறார், சீட்டிலும் அப்படியே எழுதிவிட்டார்கள். அப்புறம் வேறொரு மருத்துவர் விடாமல் கேட்ட பிறகுதான் லேகிங் வேலை, அதாவது பாய்லருக்கும் குழாய்க்கும் வெப்பம் வெளியேறாமல் பூச்சுப் போடும் வேலை, வெளியே வந்தது. சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி எடுத்தார்கள். நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய், மீசோதீலியோமா என்று முடிவு வந்தது.

அந்த வேலை எப்படி என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே வந்திருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் வந்தால் குழாய் மேல் இருக்கும் பழைய பூச்சை உளி வைத்துக் கொத்தி எடுப்போம். டிரம்மில் ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) பவுடரைக் கொட்டி, தண்ணீர் விட்டுப் பிசைந்து, வெறும் கையால் பூசுவோம். வளைவுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றுவோம். மூக்குக்கு ஒரு துண்டு, அவ்வளவுதான். அன்று உள்ளே போன இழை 20 முதல் 50 ஆண்டு கழித்துக்கூட நோயாக வரும். வேலையை விட்டு இத்தனை வருடம் ஆகிவிட்டதே, இனி ஒன்றும் வராது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இப்போது இந்த அறிக்கை ஆண்டில் அமலில் இருந்த சட்டத்துக்கு வருகிறேன். தொழிலாளர் வக்கீல் ஒருவர் நம் கூட்டத்துக்கு வந்து பொறுமையாக விளக்கினார். 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் மூன்றாம் அட்டவணை, பி பகுதி, தொழில்சார் நோய்களைப் பட்டியலிடுகிறது. ஆஸ்பெஸ்டாசால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் அதில் பெயர் சொல்லியே இருக்கின்றன. ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்து, வேலையில் இருக்கும்போதே நோய் வந்தால், அது வேலையால் வந்ததல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. வேலையை விட்ட பிறகு வந்தாலும் கேட்க வழி உண்டு. ஆனால் அந்த வேலையால்தான் வந்தது என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

நமக்கு இடறும் இடங்கள் இரண்டு. ஒன்று, அந்த ஆறு மாதம். ஷட்டவுனுக்கு ஷட்டவுன் கான்ட்ராக்டர் மாறுவார். அதே ஆலையில், அதே பாய்லரில் பல வருடம் உழைத்தவருக்கும் ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் என்று காட்டுவது கஷ்டம். இதற்கு நம் வக்கீல் அதே சட்டத்தின் 12ஆம் பிரிவைப் பிடித்திருக்கிறார். கான்ட்ராக்டரின் ஆட்களுக்கு நேரும் பாதிப்புக்கு, வேலையைக் கொடுத்த முதன்மை நிறுவனமும் பொறுப்பு என்கிறது அது. இரண்டாவது, காலக்கெடு. இரண்டு ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். வேலையை விட்டவருக்கு, விட்ட இரண்டு ஆண்டுக்குள் அறிகுறி தெரிந்தால் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று சட்டம் சலுகை தருகிறது. முப்பது வருடம் கழித்து வரும் நோய்க்கு இந்தச் சலுகையால் என்ன பயன்? இந்த நோயின் இயல்பை நினைத்துப் பார்க்காமல் எழுதிய விதி இது என்பதே என் கருத்து. நல்ல வேளையாக, தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னித்து மனுவை ஏற்க, இழப்பீட்டு மனுக்களை விசாரிக்கும் ஆணையருக்கு அதிகாரம் உண்டு. பயாப்ஸி முடிவு கைக்கு வந்ததுமே மனுப் போட்டோம் என்று காட்டினால்தான் அந்தக் காரணம் நிற்கும். அதனால்தான் தாமதிக்காதீர்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கெஞ்சுகிறேன்.

நம் தோழரின் மனு தொழிலாளர் துணை ஆணையர் முன் இருக்கிறது. எதிர்த்தரப்பு கொடுத்த பதிலில், மனுதாரர் பீடி குடிப்பவர், அதனால் வந்த நோய் என்று எழுதியிருக்கிறார்கள். புகையால் நுரையீரல் புற்றுநோய் வரும், மீசோதீலியோமா வராது. இரண்டும் வேறு வேறு நோய். மருத்துவர் இதைத் தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த நல்ல மனிதருக்கு இந்தப் பொதுக்குழு நன்றி சொல்ல வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும் என்று பலர் கேட்டீர்கள். நிரந்தர முழு இயலாமைக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்குரிய காரணியால், அதாவது ஒவ்வொரு வயதுக்கும் சட்டம் தந்திருக்கும் எண்ணால், பெருக்குவார்கள். இறந்தால் 50 சதவீதம். சம்பளத்தைக் கணக்கிடும் உச்சவரம்பு 2020 முதல் 15,000 ரூபாய். வயது ஏற ஏறக் காரணி இறங்கும். ஆகவே 65 தாண்டியவருக்கு, உச்சவரம்புச் சம்பளம் வைத்தாலும் ஒன்பது லட்சத்தை எட்டாது. குறைந்தபட்சம் இயலாமைக்கு 1,40,000, இறப்புக்கு 1,20,000. உரிய காலத்தில் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி உண்டு. ஒன்றை மறக்க வேண்டாம்: இழப்பீடு கேட்டு சிவில் வழக்கும் ஆணையரிடம் மனுவும் சேர்த்து நடத்த முடியாது. ஏதாவது ஒன்றுதான். வக்கீலைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அட்டை இருந்தவர்களுக்கு வழி வேறு. அவர்கள் முதலாளியிடம் இழப்பீடு கேட்க முடியாது. ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 53ஆம் பிரிவு தடுக்கிறது. அவர்கள் ஈ.எஸ்.ஐ. கழகத்திடம் ஊன உதவித்தொகைக்கும், இறந்தால் சார்ந்தோர் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். மறுத்தால் ஈ.எஸ்.ஐ. நீதிமன்றம் இருக்கிறது. பழைய அட்டை கிழிந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். அதிலுள்ள எண்கள் போதும்.

ஆவணங்களுக்காகத்தான் அதிகம் அலைந்தோம். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களுக்காக அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரி 27 அன்று தீர்ப்பளித்தது. தொழிலாளியின் உடல்நலமும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையில் அடங்கும் என்றது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையை விட்ட பின் 15 ஆண்டு, இதில் எது பிந்தையதோ அதுவரை ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும் நிறுவனம் வைத்திருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. இதைக் காட்டி ஆலை நிர்வாகத்திடம் கேட்டோம். நாங்கள் ஆஸ்பெஸ்டாஸ் ஆலை இல்லை, உங்கள் ஆட்களின் பதிவு எங்களிடம் இல்லை என்று பதில் வந்தது. அபாயகரமான வேலை நடக்கும் ஆலை தொழிலாளர்களின் உடல்நலப் பதிவை வைக்க வேண்டும் என்னும் தொழிற்சாலைகள் சட்டத்தின் 41-சி பிரிவைக் குறிப்பிட்டு மறுபடி எழுதியிருக்கிறோம். தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுவும் போயிருக்கிறது.

அடுத்து, எனக்கு மிகவும் வேதனை தரும் விஷயம். நம் வீட்டுப் பெண்கள் அந்த வெள்ளைத் தூசி படிந்த சட்டையை வாசலில் உதறி, கல்லில் அடித்துத் துவைத்தார்கள். அந்தத் தூசியால் இந்த நோய் வந்தவர்கள் உலகமெங்கும் உண்டு. ஆனால் அவர்கள் பணியாளர் இல்லை என்பதால் இழப்பீட்டுச் சட்டத்திலும் இடமில்லை, ஈ.எஸ்.ஐ.யிலும் இடமில்லை. சிவில் வழக்கு மட்டும்தான் மிச்சம். நோயோடு படுத்திருப்பவர் எத்தனை வருடம் வாய்தாவுக்கு அலைய முடியும்? சிலிக்கோசிஸ் முதலான தூசி நோய்களுக்கு ராஜஸ்தான் அரசு 2019இல் தனிக் கொள்கையே கொண்டுவந்தது. தமிழ்நாட்டிலும் அப்படி ஒன்று வர வேண்டும், அதில் துணி துவைத்த பெண்களும் சேர வேண்டும்.

செல்போனில் வரும் அமெரிக்க வக்கீல் விளம்பரங்களைப் பார்த்துச் சிலர் கேட்டீர்கள். திவாலான ஆஸ்பெஸ்டாஸ் நிறுவனங்கள் ஏற்படுத்திய அறக்கட்டளைகள் அங்கே இருப்பது உண்மை. குறிப்பிட்ட அந்த நிறுவனத்தின் சரக்கில் வேலை பார்த்ததற்குச் சான்று இருந்தால் மட்டுமே அந்தப் பேச்சு. முன்பணம் கேட்கும் யாரிடமும் பணம் கட்டாதீர்கள். இலவச சட்ட உதவி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் கொடுக்க வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம். 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் பழைய இழப்பீட்டுச் சட்டம், ஈ.எஸ்.ஐ. சட்டம் ஆகியவற்றின் இடத்துக்கு வந்துவிட்டது. இந்த அறிக்கை ஆண்டு முடியும்வரை அது அமலுக்கு வராததால், மேலே சொன்னவை பழைய சட்டங்களின்படிதான். புதிய சட்டத்தை விளக்க வக்கீலை மறுபடி அழைப்போம்.

இந்த ஆண்டு நாம் இழந்த தோழர்களுக்குக் கூட்டத் தொடக்கத்திலேயே அஞ்சலி செலுத்தினோம். அவர்களில் ஒருவருக்கு இறப்புச் சான்றில் காரணம் வெறும் மூச்சுத் திணறல் என்று இருக்கிறது. பயாப்ஸி அறிக்கை கையில் இருந்தும், அதைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று அந்த வீட்டாருக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. அவர் மனைவியின் மனுவுக்கு இப்போது அந்த அறிக்கைதான் துணை.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்காகச் செயற்குழு வைப்பது இவை. உறுப்பினர் ஒவ்வொருவரும் எந்த ஆலை, எந்த வருடம், எந்தக் கான்ட்ராக்டர், கூட வேலை பார்த்தவர் யார் என்று வேலை வரலாற்றுப் படிவத்தை ஆடிக்குள் நிரப்பித் தர வேண்டும். எழுத முடியாதவர்களுக்கு இளைஞர்கள் வீட்டுக்கே வந்து எழுதித் தருவார்கள். பி.எஃப். விவரம், பழைய கேட் பாஸ், சம்பளச் சீட்டு எது இருந்தாலும் நகல் எடுத்துச் சங்கத்தில் வைக்க வேண்டும். வழக்குச் செலவுக்குத் தனி நிதி ஒன்று தொடங்க வேண்டும். பெண்களையும் சேர்த்த இழப்பீட்டுத் திட்டம் கேட்டுத் தொழிலாளர் நலத்துறை அமைச்சருக்கு மனுக் கொடுக்க வேண்டும்.

படிவங்கள் நுழைவாயில் மேசையில் இருக்கின்றன. சந்தா பாக்கியையும் அங்கேயே செலுத்தலாம். துணை ஆணையர் அலுவலகத்தில் அடுத்த விசாரணைக்கு நம் தோழரோடு வர முடிந்தவர்கள் இன்றே என்னிடம் பெயர் கொடுங்கள். வேன் ஏற்பாடு செய்ய வேண்டும்.