குழாய் வெளிவரும் இடத்தைப் பாருங்கள்

ஓக்லஹோமாவில் தங்கள் நிலத்தில் வெள்ளத்தடுப்பு மண் அணை வைத்திருப்போருக்கும், அவற்றைப் பராமரிக்கும் நிலப் பாதுகாப்பு வட்டங்களுக்கும்,

வணக்கம். 1948இல் கார்டெல் அருகே எழுந்த கிளவுட் கிரீக் அணையில் தொடங்கி உங்கள் மாநிலத்தில் 2,107 அணைகள் ஆகிவிட்டன. பலவற்றை 50 ஆண்டு ஆயுளுக்குத்தான் கணக்கிட்டுக் கட்டினார்கள். அந்தக் காலம் கடந்துவிட்டது. கரையில் புல் பச்சையாக இருப்பதால் அணை நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்த அணைகளில் தண்ணீர் எப்போதும் அடிமட்டத்தில்தான் நிற்கும். மேல்கரை வருடக்கணக்கில் நனையாமல் காய்ந்து வெடிக்கும். பெருமழையில் நீர்மட்டம் ஏறும்போது அந்த வெடிப்புதான் முதலில் தண்ணீரைக் காணும். மண் சிதறும் களிமண்ணாக, அதாவது தண்ணீர் பட்டாலே நுண்துகளாகப் பிரிந்து கலங்கிப்போகும் மண்ணாக இருந்தால் சில மணி நேரத்தில் வெடிப்பு சுரங்கமாகிவிடும். ஓக்லஹோமாவிலும் மிசிசிப்பியிலும் சிறு அணைகள் இப்படித்தான் உடைந்தன.

உங்கள் மண் எப்படி என்று நீங்களே பார்க்கலாம். கரையிலிருந்து சுண்டைக்காய் அளவு மண்கட்டி எடுத்து, ஒரு கண்ணாடி டம்ளர் பேட்டரி தண்ணீரில் (அமிலமல்ல, காய்ச்சி வடித்த நீர்) மெல்ல விட்டு, பத்து நிமிடம் கலக்காமல் வையுங்கள். கட்டி உதிர்ந்து அடியில் குவிந்தால் மட்டும் அது சிதறல் அல்ல. பால் கலந்ததுபோல் மேகம் பரவினால் சிதறும் மண். குழாய்த் தண்ணீர் வேண்டாம்; அதிலுள்ள உப்பு மேகத்தை மறைத்துவிடும். தெளிவாக இருந்தாலும் ஆய்வகச் சோதனையைக் கைவிட வேண்டாம். சில மண் இதில் பிடிபடாது.

அடுத்தது கரைக்குள் போகும் வடிகுழாய். குழாயை ஒட்டிய மண்ணை நன்றாக இறுக்க முடியாது. அந்த இடைவெளியில் தண்ணீர் வழி தேடும். பழைய அணைகளில் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் வளையங்கள் போட்டார்கள். அவை கசிவைத் தடுக்கும் என்ற நம்பிக்கை பலிக்கவில்லை, வளையத்தைச் சுற்றி மண்ணை இறுக்குவதும் கடினமாயிற்று. இன்று குழாயைச் சுற்றிச் சுத்தமான கான்கிரீட் மணலால் வடிகட்டிச் சுவர் அமைக்கிறார்கள். மணல் தண்ணீரை விடும், மண்ணைப் பிடித்துக்கொள்ளும். தகரக் குழாய் போட்ட அணைகளில் துரு ஓட்டை வழியே மண் உள்ளே விழும். கேமரா விட்டுத்தான் பார்க்க வேண்டும்.

வெளிமுனையில் வரும் கசிவைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் அளவைக் குறித்து வையுங்கள். கலங்கி வந்தாலோ, அளவு ஏறினாலோ உடனே பொறியாளரை அழையுங்கள், கீழே குடியிருப்போருக்குச் சொல்லுங்கள். களிமண்ணைக் குவித்து அந்த வாயை அடைக்காதீர்கள்; தண்ணீர் உள்ளேயே அழுத்தம் கூட்டி வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும்.

வெள்ளம் வழிந்தோடும் கலிங்கில் வைக்கோல் கட்டுகளையோ வேலியையோ வைக்காதீர்கள். கரையில் வளர்ந்த சிடார் மரத்தை, அது இளசாக இருக்கும்போதே வெட்டுங்கள். வேர் செத்து அழுகினால் அது துளை.

வட்டத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: 2000ஆம் ஆண்டின் புனரமைப்புச் சட்டப்படி செலவில் 65 விழுக்காட்டை மத்திய அரசு தர முடியும். கட்டும்போது கீழே வெறும் மேய்ச்சல் நிலம் இருந்த பல அணைகளுக்கு அடியில் இப்போது வீடுகள் இருக்கின்றன. அந்த அணைகளுக்கு முதலில் விண்ணப்பியுங்கள்.