சனிக்கிழமை வகுப்புக்கு முன்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

யோகா வகுப்பில் சேர்ந்துவிட்டேன், ஆனால் பயமாக இருக்கிறது என்று நீ சொன்னதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆறு வருடம் சலங்கை கட்டி ஆடிய பிள்ளைக்கு என்ன பயம்? அப்புறம் யோசித்துப் பார்த்தேன். அரைமண்டியில் தொடை நடுங்கினாலும் முகத்தில் காட்டாமல் நிற்கப் பழகியவள் நீ. இந்த மாதிரி மெதுவான வகுப்பில் அந்தப் பழக்கம்தான் இடைஞ்சல்.

நானும் இங்கே யோகா வகுப்புக்குப் போன முதல் நாள் பக்கத்திலிருந்த இளம்பிள்ளையைப் பார்த்துப் பார்த்துக் குனிந்தேன். மூன்று நாள் முழங்காலுக்குச் சித்தாலேப பூசிக்கொண்டு கிடந்தேன். ரீச்சர் ஏசவில்லை. "அன்ரி, அவட முதுகு அவவுக்கு, உங்கட முதுகு உங்களுக்கு" என்றா.

பெரும்பாலும் தரையில் படுத்தபடிதான். முழங்காலை மடித்துப் பாதத்தை ஊன்றி, இடுப்பை ஒரு அங்குலம் இப்படியும் அப்படியும் சரிக்கச் சொல்வார்கள். இவ்வளவுதானா என்று இருக்கும். வலப்பக்கம் மட்டும் செய்துவிட்டுச் சும்மா கிட என்பார்கள். அப்போது வலக்கால் மற்றதைவிட நீளமாக, பாரமாகத் தெரியும். கால் நீளவில்லை, அந்தப் பக்கத்து இறுக்கம் விட்டதும், உன் கவனம் அங்கே போனதும் அப்படித் தோன்றவைக்கிறது. எங்கள் மட்டக்களப்பு வாவியில் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்பார்களே, அது மாதிரி. துடுப்பை ஆட்டினால் ஒன்றும் கேட்காது.

"படுத்துக் கிடக்கிறதுக்கும் காசா?" என்று அப்பா இன்னும் கேட்கிறார். வெள்ளைக்காரர் கண்டுபிடித்த சொகுசு என்பது அவர் எண்ணம். சென்னையில் யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரும் மகன் தேசிகாச்சாரும் ஆளுக்கேற்றபடிதான் ஆசனத்தை மாற்றிக் கொடுத்தார்கள், புனேயில் ஐயங்கார் தலையணையும் கதிரையும் வைத்துச் செய்வித்தார் என்று சொன்னேன். அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

கடைசியில் சவாசனம். கண்ணை மூடிப் படுக்கச் சொல்வார்கள். எங்கள் மண்டபம் கடற்கரைப் பக்கம், படுத்தால் அலைச்சத்தம் கேட்கும். 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு அந்தச் சத்தத்தோடு கண்ணை மூடுவது எனக்கு லேசாக இல்லை. முதல் ஐந்தாறு வகுப்பும் கண்ணைத் திறந்தபடி, கதவைப் பார்த்துக்கொண்டே படுத்தேன். ரீச்சர் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கிழமை போனால் என் பாயைக் கதவடியில் விரித்து வைத்திருந்தா. உனக்கு அப்போது ஏழு வயது. எவ்வளவு ஞாபகம் என்று நான் கேட்டதே இல்லை. மூட மனமில்லாவிட்டால் மூடாதே, எழும்பி இரு. அழுகை வந்தாலும் வரட்டும். நித்திரையும் வரும், ஒருநாள் நான் குறட்டை விட்டேனாம்.

சாப்பிட்டு இரண்டு மணித்தியாலமாவது கழித்துப் போ. பிட்டுச் சாப்பிட்ட வயிற்றோடு போய் நான் பட்டபாடு போதும். பன்பாய் அனுப்பட்டுமா என்று யோசித்தேன், மாபிள் தரையில் அது வழுக்கும். அங்கேயே ரப்பர் பாய் வாங்கு. தொடங்குமுன் உன் முதுகுவலியை அங்கே ரீச்சரிடம் சொல்லிவிடு. தசை இழுபடுவது வேறு, ஊசி குத்துவது போல வருவது வேறு. குத்தினால் அந்த இடத்திலேயே நிறுத்து. வலி காலுக்கு இறங்கி விறைத்தால் வகுப்பை விட்டுவிட்டு முதலில் டொக்டரிடம் காட்டு. தொட்டுத் திருத்தட்டுமா என்று கேட்டால், பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்ல வெட்கப்படாதே. எழும்பும்போது ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி மெல்ல எழும்பு, இல்லாவிட்டால் தலை சுற்றும். மூச்சை வெளியே விடுவது நீளமானால் நெஞ்சுத் துடிப்புக் கொஞ்சம் இறங்கும், அது தானாக வரும். அதிலும் கெட்டிக்காரி ஆகப் பார்க்காதே.

உனக்கு வகுப்பு முடியும்போது இங்கே இராச்சாப்பாட்டு நேரம். கோல் எடு. எவ்வளவு குனிந்தாய் என்று கேட்கமாட்டேன். கண்ணை மூடினாயா என்றும் கேட்கமாட்டேன். அப்பா பக்கத்தில்தான் இருப்பார், கட்டணம் எவ்வளவு என்று மட்டும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
அம்மா