பிழை எந்த இடத்தில் என்று சொல்லுங்கள்: ரெகுலர் எக்ஸ்பிரஷன் நிரலகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பராமரிப்பாளர்களுக்கு,

வணக்கம். பினாங்கில் பழைய தமிழ் இதழ்களின் பெயரடைவைத் தேடும் செயலி ஒன்றில் உங்கள் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துத் தொடர்களைத் தேட எழுதும் வடிவம்) நிரலகத்தைப் பயன்படுத்துகிறோம். ஒரே பெயர் ஓர் இதழில் ‘சுப்ரமணியம்’ என்றும் இன்னொன்றில் ‘சுப்பிரமணியம்’ என்றும் அச்சாகியிருப்பதால், இரண்டையும் ஒருசேரத் தேட விரும்பும் வாசகர்கள் (சுப்ரமணியம்|சுப்பிரமணியம்) என்று தாங்களே தட்டுகிறார்கள். கடைசி அடைப்புக்குறி விடுபட்டால், உங்கள் பார்சர் (வடிவத்தைப் படித்துப் பகுக்கும் பகுதி) ‘வடிவம் செல்லாது’ என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகிறது.

என்ன குறை, எந்த இடத்தில் என்பது பார்சருக்குத் தெரியும். தெரியாமல் அது நின்றிருக்க முடியாது. தெரிந்ததை வெளியே சொல்லாமல் விடுவதுதான் எங்கள் முறையீடு. பைத்தான் நிரல்மொழியில் 3.5 பதிப்பு முதல் பிழையின் காரணம், மூல வடிவம், இடம், வரி, நெடுவரிசை ஆகியவற்றைத் தனித்தனியாகவே எடுத்துக்கொள்ள முடிகிறது. ஜாவாவும் விளக்கத்தையும் இடத்தையும் பிரித்தே தருகிறது.

இடத்தைச் சொல்லும்போது அதன் அலகையும் சொல்ல வேண்டும் என்பது தமிழில் எழுதுவோருக்கு மிக முக்கியம். தமிழ்[அ-ஔ என்ற வடிவத்தில் மூடப்படாத சதுர அடைப்புக்குறிக்கு முன்னால் கண்ணுக்குத் தெரிவது 3 எழுத்துகள்; யூனிகோடு குறியீடுகளாக எண்ணினால் 5; யூடிஎஃப்-8 (அக்குறியீடுகளைக் கணினியில் சேமிக்கும் முறை) பைட்டுகளாக எண்ணினால் 15. பைட்டு எண்ணை அப்படியே எடுத்து, பிழையின் இடத்தைக் காட்டும் அம்புக்குறியை வரைந்தால், அது வடிவத்தையே தாண்டி வெற்றிடத்தைச் சுட்டும். ஆங்கில எழுத்துகளில் மூன்று எண்ணிக்கையும் ஒன்றாகிவிடுவதால் உங்கள் சோதனைகளில் இது அகப்பட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

நிரலர் தம் நிரலிலேயே எழுதிவைக்கும் வடிவம் வேறு, பயனர் தட்டும் வடிவம் வேறு. முன்னது பிழையானால் நிரல் அங்கேயே நிற்கட்டும். பின்னதில் நிரல் நிற்காமல், பிழை ஒரு மதிப்பாகத் திரும்பி வர வேண்டும். கோ மொழி இதற்கென இரண்டு தனிச் செயற்கூறுகளை வைத்திருக்கிறது.

ஆகவே பிழையின் வகை, குறியீட்டுக் கணக்கிலும் பைட்டுக் கணக்கிலும் அதன் இடம், மூல வடிவம் ஆகியவற்றை அடுத்த வெளியீட்டில் தந்துதவக் கேட்டுக்கொள்கிறோம். பிழைச்செய்தியைத் தமிழிலும் மலாயிலும் எழுதுவது எங்கள் வேலை. அதற்கு மாறாத வகைப் பெயர் ஒன்று இருந்தால் போதும். உயிர்மெய், புள்ளி, கிரந்த எழுத்து கலந்த பிழையான வடிவங்களின் சோதனைத் தொகுப்பை நாங்களே எழுதி அனுப்பவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
செயலிக் குழுவின் சார்பில் ஒரு நிரலர்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு