மாத்திரையும் கூடவே போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறைகளில் மருத்துவர்கள் போதவில்லை என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சரிதான். ஆனால் வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் வீடு வீடாகப் போய் டி.பி. மாத்திரை கொடுத்தே ஓய்வுபெற்றவள் நான். எனக்குத் தெரிந்து, கைதாகிற ராத்திரியே சிக்கல் ஆரம்பித்துவிடுகிறது.

எங்கள் தெருப் பையன் ஒருவன் மாத்திரையில் நான்காவது மாதத்தில் இருந்தான். மொத்தம் ஆறு மாதம். முதல் இரண்டு மாதத்திலேயே இருமல் அடங்கிவிடும், உடம்பு தேறிவிடும். நிறுத்திவிடுகிறவர்கள் நிறுத்துவதும் அப்புறம்தான். இவன் ஒருநாள்கூட விட்டதில்லை. ஓர் அடிதடி வழக்கில் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். விடிந்ததும் அவன் அம்மா மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். "உள்ளே டாக்டர் கொடுப்பாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். ரிமாண்டு ஆனபின் சிறையில் மனு போட்டு அவனைப் பார்க்கப் போனபோதும் அட்டையை வாங்கவில்லை. வெளி மாத்திரையை உள்ளே விடக்கூடாது என்பது நியாயமான விதிதான். வலி மாத்திரையைப் போதைக்கு விற்கிற காலத்தில் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிவிட முடியாது.

உள்ளே டாக்டர் கேட்காமலும் இல்லை. புதிதாக வந்தவர்கள் வரிசையில் நிற்கும்போது "ஏதாவது நோய் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். அத்தனை பேர் முன்னால் டி.பி. என்று சொன்னால் தனியாகப் போட்டுவிடுவார்கள் என்று பயந்து, இல்லை என்று சொல்லிவிட்டான். நாற்பது நாள் கழித்து ஜாமீனில் வந்தவனிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "ஒன்னுக்கு சிவப்பாப் போச்சாடா?" என்பதுதான். மாத்திரை உள்ளே போனால் அப்படித்தான் போகும். "இல்லக்கா" என்றான். சளியில் மறுபடி கிருமி. அவன் பக்கத்தில் படுத்திருந்தவர்களை யார் தேடிப் பிடிப்பது?

கைதானவரை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனால் அந்தச் சோதனை முக்கியமாகக் காயம் தேடுகிற சோதனை. 2020-ல் சாத்தான்குளத்தில் போலீஸ் அடித்ததில் தந்தையும் மகனும் இறந்த பிறகு அதன் அவசியத்தை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதே சீட்டில் "தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்?" என்று ஒரு வரி சேர்த்தால் என்ன? வலிப்பு, சர்க்கரை, ஹெச்.ஐ.வி., எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வரி போதும். வரிசையில் நிற்கவைத்துக் கேட்காமல், தனியாகக் கேட்க வேண்டும்.

டி.பி.க்கு இன்னும் சுலபம். அரசின் டி.பி. பதிவேட்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் நிக்‌ஷய் எண் இருக்கிறது. சென்னையில் மாத்திரை தொடங்கியவர் பிழைப்புக்குத் திருப்பூர் போனால், சிகிச்சையையும் அங்கே மாற்றிவிடுகிறோம். வியாசர்பாடியிலிருந்து புழல் சிறை அவ்வளவு தூரமா? ரிமாண்டு உத்தரவோடு அந்த எண்ணும் போனால் அரசு மாத்திரையே உள்ளே கிடைக்கும், அம்மாக்கள் அட்டையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

திரும்பி வரும்போதும் இதே கதைதான். நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். எப்போது வேண்டுமானாலும் ஜாமீன் வரும். சாயங்காலம் உத்தரவு வந்து விடுதலையாகிறவர் கையில் பர்சையும் பெல்ட்டையும் எண்ணிக் கொடுக்கிறார்கள். கூடவே பத்து நாள் மாத்திரையும் ஒரு சீட்டும் கொடுக்கலாம்.

ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தாலும் வீட்டில் வைத்துக் கொடுத்தாலும் டி.பி. ஒரே மாதிரி குணமாகும், மாத்திரை விடாமல் சாப்பிட்டால் போதும் என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டியது நம் சேத்துப்பட்டு ஆய்வு மையம். அதற்கு உடன்பட்டவர்கள் இந்த ஊர் ஏழைகள். அவர்கள் பேரப்பிள்ளைகளில் சிலர்தான் இப்போது புழலில் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதாரப் பணியாளர்,
வியாசர்பாடி, சென்னை - 39