எல்லா வீட்டுக்கும் ஒரே கோழி வேண்டாம் அக்கா

நம்ம மகளிர் குழுத் தலைவி அக்காவுக்கும், கணக்கு எழுதும் அம்மிணிக்கும், கோழிக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற எல்லோருக்கும் வணக்கம்.

அடுத்த கூட்டத்தில் எந்த வீட்டுக்கு என்ன கோழி வேண்டும் என்று பட்டியல் எழுதி அனுப்பப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கூட்டத்தில் வாயைத் திறந்தால் பாதிப் பேச்சு டீ ஊற்றுகிற சத்தத்திலேயே போய்விடும், அதனால் எழுதுகிறேன். போன தடவை மாதிரி வீட்டுக்குப் பத்து முட்டைக்கோழி, ஒரு கம்பிக்கூண்டு என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். வீட்டுக்கு வீடு கேட்டு எழுதுங்கள்.

போன தடவை வந்த கோழிகளைக் குறை சொல்லவில்லை. கணக்குக்கு முட்டை போட்டன. ஆனால் அந்த மாதிரிக் கலப்பினம் ஒன்று ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 110 கிராம் தீவனம் தின்னும், பத்துக் கோழிக்கு மாதம் 33 கிலோ. காசு முடைக்கு நான் இரண்டு வாரம் தீவனத்தைக் குறைத்துப் பழைய சோறும் தவிடும் போட்டேன், முட்டை ஓடு விரலால் தொட்டாலே நொறுங்குகிற அளவுக்கு மெலிந்தது, அப்புறம் நின்றே போனது. ஒன்றேகால் வருசத்தில் பத்தும் இறகு உதிர்த்து நின்றன. ஒன்றுகூட அடைக்கு உட்காரவில்லை. உட்காராது, ஏனென்றால் அடை படுக்கிற குணத்தைக் கழித்துத்தான் அந்த இனத்தையே வளர்த்து எடுத்திருக்கிறார்கள். அடை படுத்தால் முட்டை நிற்குமே! என் கூண்டில் இப்போது தேங்காய் மட்டை அடுக்கியிருக்கிறேன். உங்களில் எத்தனை பேர் கூண்டில் கோழி இருக்கிறது என்று நீங்களே எண்ணிச் சொல்லுங்கள்.

பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருத்தர் அந்தக் கூண்டு முட்டை எட்டை எடுத்து, யார் வீட்டிலோ இரவல் வாங்கிய அடைக்கோழிக்கு வைத்தார். இருபத்தொரு நாள் கழித்து எட்டும் கூமுட்டை. கூண்டில் சேவலே இல்லை அக்கா, எப்படிப் பொரிக்கும்? முட்டை போடச் சேவல் வேண்டாம், குஞ்சு பொரிக்கத்தான் வேண்டும். இதைக் குஞ்சு கொடுத்த அன்றைக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சேவல் இருந்திருந்தாலும், கலப்பினக் குஞ்சு தாய் மாதிரி முட்டை போடும் என்று எதிர்பார்க்க முடியாது.

சரி, எதைத்தான் கேட்பது? வீட்டில் யார் இருக்கிறார்கள், கோழி எங்கே மேயும் என்று பார்த்துத்தான் கேட்க வேண்டும். தோட்டத்துச் சாளை வீட்டை ஒட்டித் தென்னந்தோப்பு இருக்கிறது, பகலெல்லாம் ஆள் நடமாட்டம் உண்டு என்றால் மேய்ச்சல் கோழிதான் லாபம், கறையான், புழு, விழுந்த தானியம் என்று பாதி வயிற்றை அதுவே நிரப்பிக்கொள்ளும். முட்டை முக்கியம் என்கிறவர்களுக்கு ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையத்தின் கிராமப்பிரியா இருக்கிறது, நம்ம திருச்சூர் மண்ணுத்தியிலேயே உருவாக்கிய கிராமலட்சுமியும் கிராமஸ்ரீயும் இருக்கின்றன. கறியும் வேண்டும் என்றால் வனராஜா, அதுவும் ஹைதராபாத்தில் உருவானதுதான். ஆனால் அது உடம்பு கனத்த கோழி, கீரி துரத்தினால் வேலி ஏறாது. சேவல் குஞ்சும் பெட்டைக் குஞ்சும் பிரிக்காமல் கொடுத்தால் பாதிக்குப் பாதி சேவலாகத்தான் வரும், அதையும் கணக்கில் வையுங்கள். கருங்கோழி கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடக்நாத் மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பக்கத்துக் கோழி, எலும்பு வரைக்கும் கறுப்பு, 2018இல் புவிசார் குறியீடு வாங்கியது, எல்லாம் உண்மை. ஆனால் முட்டை கறுப்பாக இருக்காது. கறுப்பு முட்டை என்று யாராவது விற்றால் சாயம் எங்கே வாங்கினார் என்று கேளுங்கள்.

இதில் எதைக் கேட்டாலும் கூடவே வீட்டுக்கு இரண்டு சிறுவிடைப் பெட்டை, அதுதான் நம்ம சின்ன நாட்டுக்கோழி, எழுதுங்கள். இதைச் சொல்லத்தான் இந்த மடலே. சிறுவிடை வருசத்துக்கு அறுபது முட்டை போட்டால் அதிகம், தெரியும். ஆனால் பன்னிரண்டு முட்டை போட்டதும் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு கூடைக்குள் போய் உட்கார்ந்துவிடும், கையை நீட்டினால் கொத்தும், ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை எழுந்து தண்ணீர் குடித்து, தீனி தின்று, மூக்கைப் பொத்த வைக்கிற மாதிரி ஒரு பெரிய எச்சம் போட்டுவிட்டுத் திரும்ப ஓடும். எங்கள் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர், அடைக்கூடையில் மணலுக்கு மேல் வைக்கோல் போட்டு, முட்டைக்கு நடுவில் ஒரு கரித்துண்டும் ஆணியும் வரமிளகாயும் வைப்பார், இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று. ஆணி இடியைத் தடுக்குமா என்பது எனக்குத் தெரியாது, நானும் வைக்கிறேன். ஏழாம் நாள் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால் சிலந்தி கால் விரித்த மாதிரி ரத்த நரம்பு தெரியும், தெரியாததை எடுத்துவிடலாம். வேறு கோழி முட்டையைக் கொடுத்தாலும் சிறுவிடை பேதம் பார்க்காமல் பொரித்து வளர்க்கும். அது வீட்டில் இருந்தால் இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை நாம் குஞ்சுக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

அப்புறம் தடுப்பூசி. வெள்ளைக்கழிச்சல் வந்தால் மருந்தே கிடையாது, கழுத்து முறுக்கிக்கொண்டு தெருத்தெருவாகச் சாகும். ஏழாம் நாள் கண்ணில் சொட்டு, எட்டாம் வாரம் ஊசி. ஆனால் குப்பி நூறு டோஸ், இருநூறு டோஸ் என்றுதான் வருகிறது, கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். பத்துக் கோழி வைத்திருக்கிற நான் தனியாக உடைத்தால் மீதி வாய்க்காலுக்குத்தான். குழுவாக ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், கூட்டைத் திறப்பதற்கு முன்னால், ஐஸ் டப்பாவோடு வீடு வீடாகப் போனால் ஒரு குப்பியில் பத்து வீடு முடியும். குஞ்சையும் ஒரு நாள் குஞ்சாக வாங்காதீர்கள், ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காலத்தில் பல்பு சூடு பத்தாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும். முதல் தடுப்பு மருந்து போட்ட, ஒன்றரை மாதக் குஞ்சாகக் கேளுங்கள். விலை கூடத்தான், சாகிற குஞ்சை விட மலிவு.

என் வீட்டுச் சிறுவிடை போன செவ்வாய்க்கிழமை அடைக்கு உட்கார்ந்தது, பதினொரு முட்டை வைத்திருக்கிறேன். பொரிந்ததும் வேண்டும் என்கிறவர்கள் இப்போதே சொல்லி வையுங்கள், ஆளுக்கு இரண்டு குஞ்சு, இரண்டு மாதம் தாயோடு திரிந்த பிறகு தருகிறேன். கூடை உங்களுடையது.

இப்படிக்கு,
தோப்புக்கடைசி வீட்டுக்காரி