திரைக்கு அந்தப் பக்கம் இருந்த அக்காவுக்கும், மற்ற எல்லோருக்கும்

குழந்தையும் நானும் வீட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டு பேரும் நலம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்னமும் நிறைய பேர் பயந்த குரலில்தான் போன் செய்கிறீர்கள். பிள்ளை பிறந்த பிறகு என்ன ஆனது, ரத்தத்துக்கு ஏன் அப்படி அலைந்தார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். உங்களில் பாதிப் பேர் அன்றைக்கு அலைந்தவர்கள்தான். அதைத் திரும்ப ஒருமுறை எழுத எனக்குத் தெம்பும் இல்லை, மனசும் இல்லை. நன்றி மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுத முடியவில்லை (தையல் போட்டவர்களுக்குப் புரியும்), அதனால் முன்னே பின்னே இருக்கும்.

தூக்கத்திலிருந்து எழுந்து வந்து ரத்தம் கொடுத்தவர்களே, உங்களில் சிலரை நான் பார்த்ததுகூட இல்லை. இப்போது நீங்கள் எனக்கு ரத்த சொந்தம், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கருப்பை இறுகுகிற வரைக்கும் என் அடிவயிற்றை அழுத்திப் பிசைந்துகொண்டே இருந்த நர்ஸம்மா, அப்போது உங்களைத் திட்டியிருப்பேன், காதில் போட்டுக்கொள்ளாததற்கு நன்றி. முகத்தில் பதற்றம் காட்டாமல் அடுத்தடுத்து என்ன மருந்து என்று சொல்லிக்கொண்டே போன டாக்டர், குளுக்கோஸ் பாட்டிலை ஏந்திக்கொண்டு ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்த ஆயாம்மா, கதவுக்கு வெளியே நின்றே கால் வீங்கிப்போன அம்மா, யார் எதைக் கேட்டாலும் "சரி, சரி" என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், பெரிய மனுஷி மாதிரி எல்லோருக்கும் தகவல் சொன்ன என் தங்கை. பிரசவத்துக்குப் பிறகு வரும் ரத்தப்போக்குதான் உலகம் முழுக்கத் தாய்மாரின் உயிரைப் பறிக்கும் முக்கியமான காரணங்களில் ஒன்று என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் படித்தேன். உங்களுக்கெல்லாம் தனித்தனியாக எழுத வேண்டும், எழுதுவேன்.

ஆனால் இந்த மடலில் பெரும்பங்கு வேறொருவருக்கு. அவர் என் உயிரைக் காப்பாற்றவில்லை. அவர் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை, பெயரும் தெரியாது.

வலி பிடித்து என்னைச் சேர்த்த அறையில் வரிசையாகக் கட்டில்கள். நடுவில் திரை. துணைக்கு யாரும் உள்ளே வரக்கூடாது என்றார்கள். எனக்குக் கோபம், அதைவிடப் பயம். திரும்பிப் படுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்.

"ஏம்மா, முதல் பிரசவமா?"

"ஆமாக்கா."

"உன் பக்கம் கடிகாரம் இல்லைல? எனக்கு நேரா எதுத்தாப்ல மாட்டியிருக்கு. அடுத்த வலி வரும்போது 'ம்'னு மட்டும் சொல்லு, நான் எண்றேன்."

அவருக்கு இரண்டாவது பிரசவம். தேதி தாண்டிவிட்டதால் வலி வருவதற்கு ஜெல் வைத்துவிட்டுக் காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். பேசாமல் படுத்துத் தூங்கியிருக்கலாம், அடுத்து அவர் படப்போகிற பாட்டுக்கு அந்தத் தூக்கம் தேவையும்கூட. அதை விட்டுவிட்டு, முகம் தெரியாத ஒருத்திக்காக நொடிமுள்ளைப் பார்த்து எண்ண ஆரம்பித்தார்.

முதல் தடவை எரிச்சல்தான் வந்தது. உயிர் போகிற நேரத்தில் இவர் என்ன பதினாறு, பதினேழு என்று வாய்ப்பாடு ஒப்பிக்கிறார் என்று. இரண்டாவது தடவை, முப்பது வந்தபோது அவர் சொன்னார்: "அவ்வளவுதான், உச்சிக்கு வந்தாச்சு. இனிமே இறக்கம்." நிஜமாகவே இறங்கியது. நாற்பத்தைந்தில் மூச்சு விட முடிந்தது. அறுபதில் ஒன்றுமே இல்லை. அந்த அறையில் ஒரு மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்குக் கேட்டது.

பிரசவ வலிக்கு ஒரு வடிவம் இருக்கிறது என்று அதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அது விடாமல் வலிக்கிற வலி இல்லை. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகு ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம், நடுவில் சில நிமிடம் இடைவெளி. ஏறும்போது நமக்கு வருகிற பயமே, இது இப்படியே ஏறிக்கொண்டே போய்விடுமோ என்பதுதான். அந்த அக்கா அந்தப் பயத்தை மட்டும் எடுத்துவிட்டார். வலி அப்படியேதான் இருந்தது.

"பொறுத்துக்கோ", "தைரியமா இரு", "இதுக்கே இப்படியா" என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. எண்கள் மட்டும்தான். பொய் எண்ணும் இல்லை. ஒரு வலி அறுபதில் அடங்கவில்லை. வேறு யாராவது என்றால் மெதுவாக இழுத்து இழுத்து எண்ணி என்னை ஏமாற்றியிருப்பார்கள். இவர், "இது கொஞ்சம் நீளமாத்தான் போகுது தங்கம், எழுபதுன்னு வச்சுக்கோ" என்றார். எழுபத்திரண்டோ என்னவோ. அதற்குப் பிறகு அவர் எண்ணிக்கையை நான் முழுசாக நம்பினேன்.

இடைவெளிகளில் தன்னுடைய முதல் பிரசவத்தைச் சொன்னார். என் வலி குறுக்கே வரும்போதெல்லாம் கதையை அப்படியே நிறுத்திவிட்டு எண்ணப் போய்விடுவார். எண்ணி முடித்ததும் விட்ட வார்த்தையிலிருந்தே தொடர்வார். "அப்போ டாக்டர் வந்து" என்று நின்ற கதை, அறுபது எண்ணி முடிந்ததும், "வந்து, பிள்ளைக்கு என்ன பேரு யோசிச்சிருக்கீங்கன்னு கேக்குறாரு, எனக்கு என் பேரே ஞாபகத்துல இல்ல" என்று முடிந்தது. அந்த நிலைமையில் நான் சிரித்தேன். சிரித்தது வலித்தது, அது வேறு விஷயம்.

பரிசோதித்துவிட்டு, கருப்பை வாய் நாலு சென்டிமீட்டர்தான் திறந்திருக்கிறது என்று சொல்லிப் போனபோது நான் உடைந்துபோனேன். அவ்வளவு நேரம் பட்டதற்கு நாலா என்று அழுதேன். "நாலுன்னா நாலு. நான் நாலுலயே எவ்வளவு நேரம் கெடந்தேன் தெரியுமா, அப்புறம் பார்த்தா மளமளன்னு போயிருச்சு. சென்டிமீட்டரைக் கேக்காத, அடுத்த வலியைப் பாரு" என்றார். இப்போது படித்துப் பார்த்தால் அவர் பக்கம் உலக சுகாதார நிறுவனமே இருக்கிறது. 2018-ல் வெளியிட்ட பரிந்துரைகளில், தீவிரப் பிரசவ வலிக் கட்டம் 5 சென்டிமீட்டரிலிருந்துதான் தொடங்குவதாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆகவேண்டும் என்ற பழைய கணக்கு சில பெண்களுக்குப் பொருந்தாது, அந்த வேகம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அவசரப்பட வேண்டியதில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். அக்கா எதையும் படித்துவிட்டுச் சொல்லவில்லை. பட்டுச் சொன்னார்.

அவர் சொன்னதிலேயே எனக்கு மிகவும் உதவியது இது: "கடைசிக்குக் கொஞ்சம் முன்னாடி கை காலெல்லாம் உதறும். வாந்தி வரும். 'என்னால முடியல, வீட்டுக்குப் போறேன்'னு கத்தணும்போல இருக்கும். அப்படித் தோணுச்சுன்னா பயந்துராத, முடியப் போகுதுன்னு அர்த்தம்." எனக்கு அப்படியே வந்தது. தொடை உதறிய உதறலில் கட்டில் கம்பி கடகடவென்று ஆடியது. நான் வீட்டுக்குப் போகிறேன் என்று நர்ஸிடம் சண்டை போட்டேன். சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே மண்டைக்குள் ஒரு மூலையில், ஓ, அக்கா சொன்னது இதுதானா, அப்படியானால் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று பட்டது. சொல்லாமல் விட்டிருந்தால் செத்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்திருப்பேன்.

அதற்குக் கொஞ்சம் முன்பே அவருக்கும் வலி பிடித்துவிட்டது. இருபது வரைக்கும் ஒழுங்காக வந்த எண்ணிக்கை திடீரென்று இருபத்தி... என்று நின்றது. திரையின் ஓரத்தை நாலு விரல்கள் கசக்கிப் பிடித்திருந்தன. அவரை நான் பார்த்தது அவ்வளவுதான், அந்த நாலு விரல். என் பக்கம் கடிகாரம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று நான் எண்ணத் தொடங்கினேன். அறுபது சொல்லிவிட்டுப் பெருமையாக நிறுத்தினால், அந்தப் பக்கமிருந்து முனகலோடு பதில் வருகிறது: "நீ ரொம்ப வேகமா எண்றம்மா, எனக்கு இன்னும் வலிக்குது." அதன் பிறகு மெதுவாக எண்ணக் கற்றுக்கொண்டேன். கொஞ்ச நேரம் மாறி மாறி எண்ணினோம். பிறகு என்னை வேறு அறைக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

ராத்திரி பால் கொடுக்கும்போது ஒற்றைக் கையில் போனை வைத்துக்கொண்டு இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன். குவாத்தமாலாவில் ஒரு மருத்துவமனையில் நடந்த ஆய்வு 1980-ல் வெளியாகியிருக்கிறது. எந்தப் பயிற்சியும் இல்லாத ஒரு சாதாரணப் பெண்மணி பிரசவம் முடியும்வரை பக்கத்திலேயே இருந்தார், அவ்வளவுதான். துணை இருந்தவர்களுக்குச் சராசரியாக 8.8 மணி நேரத்தில் பிரசவம் முடிந்தது, தனியாகக் கிடந்தவர்களுக்கு 19.3 மணி நேரம். சின்ன ஆய்வு, அந்த அளவு வித்தியாசத்தை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கும் தயக்கம்தான். ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுகிற காக்ரேன் குழு 2017-ல் 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும் திசை மாறவில்லை. தொடர்ந்து துணை இருந்தால் தானாகப் பிறப்பது கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, பிரசவ நேரமும் கொஞ்சம் குறைகிறது, பிரசவத்தைக் கசப்பாக நினைவு வைத்திருக்கும் பெண்களும் குறைகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் கொண்டுவந்த பிரசவக் கண்காணிப்புப் படிவத்தில், குழந்தையின் இதயத்துடிப்புக்கும் தாயின் ரத்த அழுத்தத்துக்கும் இருப்பதுபோல, துணைக்கு ஆள் இருக்கிறாரா என்பதற்கும் தனியாக ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். என் பெயரில் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் அந்த இடத்தில் 'இல்லை' என்றுதான் குறித்திருப்பார்கள். துணை இருந்தது. தாளுக்குத்தான் தெரியாது.

இன்னொன்றும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வயிற்றில் பிள்ளையோடு இருந்த மாதங்களில் பெற்றவர்கள் அத்தனை பேரிடமும் எப்படி இருந்தது என்று கேட்டேன். எத்தனை மணிக்கு வலி வந்தது, எத்தனை மணிக்குப் பிறந்தது, என்ன எடை. இல்லையென்றால் யார் அதிகம் பட்டார்கள் என்று ஒரு போட்டி. அதுவும் இல்லையென்றால், "குழந்தை முகத்தைப் பார்த்தா எல்லாம் மறந்துடும்." (எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. குழந்தை முகமும் அழகாகத்தான் இருக்கிறது.) அந்த நடுப்பகுதியை, ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் என்ன செய்வது, உடம்பு எப்போது உதறும், எப்போது பயப்பட வேண்டும், எப்போது வேண்டாம் என்பதை யாரும் சொல்லவே இல்லை. அக்கா சொன்னது முழுக்க அந்த நடுப்பகுதிதான். இனி முதல் பிரசவத்துக்குப் போகிற பெண் யார் என்னிடம் கேட்டாலும் மணியும் எடையும் சொல்லி முடித்துவிட மாட்டேன். உட்கார வைத்து நடுவைச் சொல்வேன். எனக்குப் பின்னால் நடந்ததையும், கேட்டால், பயமுறுத்தாமல் சொல்வேன். பிறந்த பிறகு துணி நனைகிற வேகம் அதிகமாகத் தெரிந்தால், தலை சுற்றினால், உடனே கூப்பிடு, யாரும் ஏதாவது நினைத்துக்கொள்வார்களோ என்று கூச்சப்படாதே என்று. உள்ளே விடுவார்கள் என்றால் நானே துணைக்கு வருவேன். முள் இருக்கிற கடிகாரம் ஒன்று வாங்கி வைத்தாகிவிட்டது, போன் வேண்டாம்.

அக்கா, இதை உங்களுக்குத் தெரிந்த யாராவது படித்துச் சொன்னாலும் போதும். பால் விஷயத்திலும் நீங்கள் சொன்னது சரி. முதல் பிள்ளைக்குச் சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, பால் இறங்க நாளாகும், அதற்குள் பால் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள், நீ விடாமல் பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டே இரு என்றீர்களே. ரத்தம் அதிகம் போனவர்களுக்கு இன்னும் தாமதமாகலாம் என்று டாக்டரும் சொன்னார். எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. எல்லோரும் நீங்கள் சொன்னபடியே சொன்னார்கள். நான் அழவில்லை. டாக்டர் சொன்னபடி எடை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தோம், இப்போது நன்றாக ஏறுகிறாள்.

உங்களுக்கு என்ன குழந்தை? உங்கள் பெரியவன், தம்பிதான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான் என்றீர்களே, அவன் பேச்சு நடந்ததா? நான் போன பிறகு யாராவது உங்களுக்கு எண்ணினார்களா?