பக்கத்து வீட்டு அக்கா கத்துக்குடுத்தது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மன உறுதி பொறப்புலயே வர்றதுன்னுதான் நெனச்சிருந்தேன் சார். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஸ்ட்ரோக் வந்து பேச்சு போயிடுச்சு, தினமும் ஒரே வார்த்தைய திரும்பத் திரும்பச் சொல்லிப் பாப்பாங்க, வராது, அழுவாங்க, மறுநாள் மறுபடி உக்காந்துடுவாங்க, எட்டு மாசம் கழிச்சு என் பேரச் சொல்லிக் கூப்ட்டாங்க பாருங்க, நான் அழுதுட்டேன். எனக்கு வேலை போனப்போ அந்தக் குரல்தான் என்னை எழுப்பி விட்டுச்சு.

ஹவாய்ல கவாய் தீவுல 1955ல பொறந்த 698 குழந்தைங்கள எம்மி வெர்னர்ங்கற உளவியல் ஆய்வாளர் பல வருஷம் கவனிச்சாங்க. ரொம்பக் கஷ்டத்துல வளந்த பிள்ளைங்கள்ல மூணுல ஒரு பங்கு நல்லா தேறி வந்தாங்க, அன்பா துணை நின்ன பெரியவங்க ஒருத்தராவது அவங்களுக்கு இருந்தது ஒரு முக்கிய காரணம், அது அப்பா அம்மாவாத்தான் இருக்கணும்னு இல்ல. இந்த மாதிரி சாதாரண மனுஷங்களப் பத்தி வாரம் ஒரு தடவையாவது எழுதுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி